மாதரி கண்ட தீக்குறிகள்

ஆய்ச்சியர் குரவையும் கால்நடைப் பிணியும்

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் கொலைக்களக் காதைக்கும் துன்ப மாலைக்கும் இடையே அமைந்தது ஆய்ச்சியர் குரவை. பள்ளிகளிலும் மன்றங்களிலும் இப்பகுதி பெரும்பாலும் அதன் இசைக்காகவும், கூத்து முறைக்காகவும், திருமாலைப் பரவும் பாடல்களின் இனிமைக்காகவும் பயிலப்படுகிறது. அதன் வாயிலில் நிற்கும் தீக்குறிகளைப் பற்றிக் கேட்டால், “வரவிருக்கும் துன்பத்தைப் புலவர் முன்னறிவிக்கும் உத்தி” என்று மாணவர் ஒரே வரியில் விடை எழுதி மதிப்பெண் பெற்றுவிடுவர். அவ்விடை பிழையுடையது அன்று, குறையுடையது. கோவலனுக்கு நேரப்போவதை அறிந்த கற்பவனுக்கு அவை முன்னறிவிப்புகள். கோவலனைப் பற்றி எதுவும் அறியாத மாதரிக்கு அவை யாவை? இவ்வினாவை எழுப்பிப் பார்த்தால், தமிழ் இலக்கியத்தில் அரிதாகவே பேசப்பட்ட ஒரு பொருள், அதாவது கால்நடையின் நோயும் அதனால் ஒரு சிற்றூர்க்கு வரும் நடுக்கமும், அங்கே மறைந்து கிடப்பது புலப்படும்.

ஆயர்பாடியின் ஒரு காலை

அக்காலைப்பொழுதை இளங்கோவடிகள் எங்ஙனம் தொடங்குகிறார் என்பதை முதலில் நோக்கவேண்டும். அரண்மனையில் காலை முரசம் ஒலிக்கிறது. அரண்மனைக்கு நெய்யளக்கும் முறை அன்று தன் வீட்டுக்கு உரியது என்பது மாதரிக்கு நினைவுக்கு வருகிறது. மகள் ஐயையை அழைத்துக் கடைகயிறும் மத்தும் எடுத்துக்கொண்டு அவள் வருகிறாள். முந்திய நாள் பிரையிட்ட பால் குடத்தில் உறையவில்லை. ஏற்றின் கண்களில் நீர் வழிகிறது. உறியிலிருந்த வெண்ணெய் உருகவில்லை. ஆட்டுக்குட்டிகள் துள்ளாமல் சோர்ந்து கிடக்கின்றன. பசுக்கூட்டம் நடுங்கி நின்று கதறுகிறது. கழுத்து மணி அறுந்து நிலத்தில் விழுகிறது. ஏதோ ஒன்று வரப்போகிறது என்று மாதரி மும்முறை கூறுகிறாள்.

நெய்முறை என்ற ஒரு செய்தியை அடிகள் வீணே சொல்லவில்லை. அது குடிகள் முறைவைத்துச் செலுத்தும் கடமை. ஒரு வீட்டின் பால் உறையாத நாளும் அரசுக்கு அவ்வீடு நெய் கொடுக்கவேண்டிய நாளும் ஒன்றாக வந்துவிட்டன. பெருஞ்செல்வர்க்கு ஒரு குடத்துப் பால் கெட்டால் இழப்பு ஒரு குடந்தான். நாலைந்து மாடு வைத்துப் பிழைப்பவர்க்கோ அந்த ஒரு குடமே அன்றைய கடமை, அன்றைய மதிப்பு, அன்றைய உணவு.

அடுத்து, குரவையாட வரும் கன்னியரைப் பாருங்கள். அவர்கள் எழுவர். ஒவ்வொருத்தியும் ஓர் ஏற்றை வளர்த்து வருபவள். அந்த ஏற்றை அஞ்சாது தழுவுபவனே அவளுக்குக் கணவனாகத் தக்கவன். ஆகவே ஏற்றின் கண்ணில் நீர் வழிந்தால், அது தொழுவத்தோடு முடியும் செய்தியாகாது. அது அவளுடைய மணவினையையும் தொடுகிறது. கடமை, உணவு, திருமணம் ஆகிய மூன்றும் மாட்டின் உடல்நலத்தோடு பிணைந்திருக்கும் ஒரு சமுதாயத்தை அடிகள் சில அடிகளில் காட்டிவிடுகிறார். மலைநாட்டுத் தேயிலை, இரப்பர்த் தோட்டங்களில் லயத்தின் பின்புறம் ஒன்றிரண்டு கறவை மாடு கட்டி வளர்த்த குடும்பங்களை அறிந்தவர்க்கு இது புதிதன்று. கூலி அரிசிக்குப் போனால், பால் விற்ற காசுதான் பிள்ளையின் பள்ளிச் சட்டைக்கும் மகளின் காதணிக்கும் போயிற்று.

குறிகளும் நோய்க்குறிகளும்

இத்தீக்குறிகள் வெறுங் கற்பனையா, தொழுவத்தில் கண்டு எழுதியவையா? ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தல் நன்று. மடிநோய் கண்ட மாட்டின் பால் செவ்வையாக உறைவதில்லை என்பதை மாடு வளர்ப்போர் அறிவர். கண்ணில் நீர் வடிதல் பல கொடிய காய்ச்சல்களின் முதற்குறி. மாட்டினத்தையே வாரிக்கொண்டுபோன வெக்கை நோயும் காய்ச்சலோடும் கண்ணீரோடுந்தான் தொடங்கும். குட்டி துள்ளாமை நோயின் அறிகுறி என்பதை இன்றைய கால்நடை மருத்துவரும் ஒப்புவர். தொழுவத்துக்குள் நுழைந்ததும் அவர் முதலில் நோக்குவது இளங்கன்றுகளின் சுறுசுறுப்பைத்தான். மந்தை நடுங்கி நிற்பது காய்ச்சலின் குளிர்.

ஆனால் வெண்ணெய் உருகாமையையும் மணி அறுந்து விழுந்ததையும் நோய்க்குறி என்று வலிந்து கூறலாகாது. அவை நிமித்தங்களே. இளங்கோவடிகள் இன்ன நோயைத்தான் பாடினார் என்று பெயர் சூட்டிப் பெருமைப்படுவதும் ஆராய்ச்சியாகாது. துணிந்து சொல்லக்கூடியது இவ்வளவே: ஆயர்மகளிர் நாள்தோறும் பாலையும் கண்ணையும் கன்றின் நடையையும் உற்றுநோக்கிப் பழகிய பழக்கத்திலிருந்து அடிகள் தம் நிமித்தங்களை எடுத்துக்கொண்டார். கட்டுக்கதைபோல் தோன்றுவதன் அடியில் ஒரு தொழிலறிவு கிடக்கிறது.

இதனை அடிகளே வேறோரிடத்தில் உறுதிப்படுத்துகிறார். சிலம்பு விற்கப் புறப்பட்ட கோவலனை வழியில் ஓர் இமிலேறு எதிர்க்கிறது. அது தீநிமித்தம் என்று அவன் உணரவில்லை. ஏன் உணரவில்லை? அவன் பிறந்த குலத்தார் அறியும் செய்தி அன்று அது என்று காரணமும் காட்டுகிறார் புலவர். வணிகன் மகன் பொன்னை மாற்றறிவான். மாட்டின் முகத்தைப் படிக்க அறியான். அறிவு தொழிலில் பிறக்கிறது என்ற கருத்தை இதைவிடச் சுருங்கச் சொல்லுதல் அரிது. படித்தவன் அறியாததைத் தொழுவத்துப் பெண் அறிவாள் என்னும் இவ்வுண்மை, பின்னர்க் காணப்போகும் மலேசிய நிகழ்ச்சி ஒன்றுக்கும் பொருந்துவது.

வர்ஜில் பாடிய கொள்ளைநோய்

கால்நடைப் பிணியை நேர்நின்று பாடிய பழம்புலவருள் தலையாயவர் உரோமப் பெருங்கவிஞர் வர்ஜில். கி.மு. 29 அளவில் அவர் முடித்த ‘ஜார்ஜிக்ஸ்’ என்னும் உழவு நூலின் மூன்றாம் பகுதி, ஆல்ப்ஸ் மலைச்சாரலில் நோரிக்கம் என்னும் நாட்டைப் பாழாக்கிய கொள்ளைநோயோடு முடிகிறது. பலியிட நிறுத்திய மாடு கத்தி படுமுன்னே சாய்கிறது. கன்றுகள் செழும்புல்லின் நடுவே மடிகின்றன. நோயுற்ற பன்றிகளை மூச்சுத் திணறும் இருமல் உலுக்குகிறது. ஏரில் பூட்டிய எருது உழுசாலிலேயே குருதி கக்கி விழ, உழவன் துயரோடு மற்றை எருதை நுகத்தினின்றும் அவிழ்த்து, ஏரை அங்கேயே விட்டுப் போகிறான்.

அதன்பின் வருவதுதான் விளைவு. மாடில்லாத மக்கள் மண்வெட்டியால் நிலத்தைக் கீறுகின்றனர். நகத்தாலே தோண்டி விதையைப் புதைக்கின்றனர். வண்டியைத் தம் கழுத்தாலே இழுத்து மேடேறுகின்றனர். செத்த விலங்கின் தோல் பயன்படவில்லை. கம்பளியை நெய்து உடுத்தவன் உடலிலும் கொப்புளம் எழுந்து நோய் பற்றுகிறது. அவ்விடத்தில் நூற்பகுதி முடிகிறது. ஆறுதலாக ஒரு சொல்லும் இல்லை.

விலங்கின் நோய் மனிதனின் உழைப்பையும் உடலையும் எவ்வாறு தொடுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் கண்ட பாட்டு உலகில் மிகச் சிலவே. அந்தத் தெளிவு இளங்கோவிடம் இல்லை என்பதை ஒப்புக்கொள்வதே நடுவுநிலைமை. அடிகள் ஆயரின் அச்சத்தை எடுத்துக் கண்ணகியின் கதைக்குக் கருவியாக்கிக் கொண்டார். மாடுகள் பிழைத்தனவா என்பதை அவர் சொல்லவில்லை. ஆயின் வர்ஜிலிடம் இல்லாத ஒன்று இளங்கோவிடம் உண்டு. நோரிக்கத்தில் ஒருவன் வீழ்ந்த எருதின் அருகே தனியே நிற்கிறான். அவனுக்கு ஊர் இல்லை, உறவு இல்லை. மதுரைப் புறஞ்சேரியில் ஊரே கூடுகிறது.

பழி தேடும் மனம்

மாடு மாண்டால் மனிதன் முதலில் தேடுவது மருந்தையன்று. பழியேற்க ஓர் ஆளைத்தான். யார் கண் பட்டது, யார் காலடி பட்டது, யார் வைத்த வினை என்று ஊர் கேட்கும். பிரேம்சந்து 1936இல் வெளியிட்ட ‘கோதான்’ என்னும் இந்திப் புதினத்தில் ஹோரி என்னும் ஏழை உழவன் வாழ்நாள் ஆசையாக ஒரு பசுவை வாங்குகிறான். பொறாமை கொண்ட தம்பி அதற்கு நஞ்சிடுகிறான். அது நோய்ச்சாவன்று. ஆனால் ஒரு பசுவின் சாவு எப்படி உடன்பிறந்தாரைப் பிரித்து, காவலரை வாயிலுக்குக் கொணர்ந்து, குடும்ப மானத்தைக் காக்கக் கடன் வாங்கத் தூண்டுகிறது என்பதை அப்புதினம் படிப்படியாகக் காட்டுகிறது. போனது ஒரு பசு; கூடவே போனது ஒரு குடும்பத்தின் ஒற்றுமை.

இந்த உலக வழக்கை மனத்திற் கொண்டு மாதரியிடம் திரும்பிவந்தால்தான் அவளுடைய பெருமை விளங்கும். ஆயர்பாடியில் பால் உறையாமற் போன நாளில் அங்கே புதிதாக வந்திருந்தவள் யார்? கண்ணகி. ஊர் தெரியாதவள், குலம் வேறானவள், கவுந்தியடிகள் அடைக்கலமாக விட்டுச் சென்றவள். ‘இவள் வந்த வேளை’ என்று ஒரு சொல் சொல்ல எந்தக் கிழவிக்கும் நாவில் எளிதாக வரும். மாதரியின் நாவில் அது வரவில்லை. மகளை அஞ்ச வேண்டா என்று தேற்றுகிறாள். கறவைக்கும் கன்றுக்கும் வந்த துயர் நீங்கக் குரவை ஆடுவோம் என்கிறாள். அதனையும் கண்ணகி காணும்படி ஆடவேண்டும் என்கிறாள். ஐயத்திற்கு உரியவளாகத் தள்ளப்படக்கூடிய பெண்ணை அவையின் நடுவே விருந்தாக அமர்த்துகிறாள்.

ஆய்ச்சியர் குரவையின் உயிர்நாடி இதுவே எனலாம். குரவை ஆடினால் காய்ச்சல் தணியாது. அதைத் தணிக்க மருந்து வேண்டும். ஆனால் அச்சம் பழியாக மாறாமல் தடுக்க அந்த ஊர்க்கு ஒரு வழி தெரிந்திருந்தது. எல்லாரும் எருமன்றத்தில் கைகோத்து நிற்கும்போது யாரும் யாரையும் விரல்சுட்ட முடியாது. பின்னர்க் கோவலன் கொலையுண்ட செய்தி வருகிறது; கதை வேகமாக ஓடுகிறது. வஞ்சிக் காண்டத்தில் மாடலன் கூற்றின் வழியே மாதரியின் முடிவை அறிகிறோம்: அடைக்கலப் பொருளைக் காக்கத் தவறினேன் என்று அவள் தீயிற் புகுந்தாள். மாடு நடுங்கிய நாளில் பிறர்மேல் பழி போடாதவள், உயிர் போன நாளில் பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டாள். இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்காதவர் மாதரியை முழுவதும் படித்தவராகார்.

சுங்கை நீப்பாவின் பாடம்

இது பழங்கதை என்று ஒதுக்குவதற்கில்லை. கோலா தெர்லாவைச் சூழ்ந்த தேயிலை மலைகளின் மேற்குச் சரிவுக்கு அப்பால், கீழே விரிந்து கிடப்பது பேராக் மாநிலத்துக் கிந்தா வட்டாரம். 1998 செப்டம்பரிலிருந்து அங்கே பன்றிப் பண்ணைகளைச் சேர்ந்தவர்கள் மூளைக்காய்ச்சலால் சாயத் தொடங்கினர். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் அது கருதப்பட்டது. கொசுப்புகை அடித்தனர், தடுப்பூசி போட்டனர். நோய் நிற்கவில்லை.

குறிகள் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவரைப் பற்றும். இங்கு வீழ்ந்தவர் பன்றிகளோடு நெருங்கிப் பழகிய வளர்ந்த ஆடவர். தடுப்பூசி போட்டுக்கொண்டவரும் வீழ்ந்தனர். எல்லாவற்றுக்கும் முன்னதாகப் பன்றிகள் குரைப்பதுபோல் உரக்க இருமின. வர்ஜில் பாடிய இருமலைப் பண்ணைக்காரர் தம் கொட்டகையிலேயே கேட்டனர். ஆனால் அக்குறியைப் படித்து முடிவெடுக்கும் இடத்துக்கும் கொட்டகைக்கும் தொலைவு மிகுதி. அச்சத்தால் சிலர் பன்றிகளை விற்றனர். விற்ற பன்றிகளோடு நோயும் தெற்கே நெகிரி செம்பிலானுக்குப் பயணமாயிற்று. அங்குப் புக்கிட் பெலாண்டோக்கும் அதனருகிலுள்ள சுங்கை நீப்பாவும் அதன் நடுக்களமாயின. சிங்கப்பூருக்குச் சென்ற பன்றிகளால் இறைச்சிக்கூடத் தொழிலாளர் 11 பேர் நோயுற்று ஒருவர் மாண்டார்.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் சுவா காவ் பிங், சுங்கை நீப்பாவைச் சேர்ந்த ஒரு நோயாளியிடமிருந்து அதுவரை உலகம் அறியாத ஒரு நச்சுயிரியைப் பிரித்தெடுத்தார். பழந்தின்னி வௌவால்களிடம் குடியிருந்த அது, கொட்டகைகளை ஒட்டிய பழமரங்களின் வழியே பன்றிக்கு வந்து, பன்றியிடமிருந்து மனிதனுக்குத் தாவியது என்று பின்னர்த் தெளிவாயிற்று. மலேசியாவில் நோயுற்றோர் 265 பேர். இறந்தோர் 105 பேர். பெரும்பாலோர் சீனர், இந்தியத் தொழிலாளரும் அவர்களுள் இருந்தனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொன்று புதைக்கப்பட்டன. மக்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு ஓடினர். கடன்பட்டுப் பண்ணை வைத்தவர்க்குக் கடன் மட்டும் மிஞ்சியது. ஓடிப்போன இடங்களில் அவர்களை நெருங்கப் பிறர் அஞ்சினர். புக்கிட் பெலாண்டோக்கில் பன்றி வளர்ப்பு மீளவில்லை.

பசுவைப் போற்றும் தமிழர்க்குப் பன்றியின் கதை தொலைவானதாகத் தோன்றலாம். கொட்டகை இழந்தவனின் துயருக்கு விலங்கு வேறுபாடு இல்லை. அந்த ஊருக்கு மற்றோர் இழப்பும் நேர்ந்தது. நீப்பா என்னும் சதுப்புநிலப் பனையால் பெயர்பெற்ற அச்சிற்றூரின் பெயரே நோயின் பெயராக உலகெங்கும் பரவிவிட்டது. 2018இல் கேரளத்துக் கோழிக்கோட்டில் அந்நோய் தோன்றியபோதும் அப்பெயரே முழங்கிற்று. பழி தேடும் மனம் ஆளைச் சுட்டவில்லை, ஊரைச் சுட்டிவிட்டது. ஊர்ப்பெயர், ஆட்பெயர், மக்கட்கூட்டத்தின் பெயர் ஆகியவற்றை நோய்க்கு இடலாகாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2015இல் நெறி வகுத்தது. சுங்கை நீப்பாவுக்கு அந்த நெறி காலங்கடந்து வந்தது.

தொழுவத்துச் சொற்கள்

இவ்விடத்தில் தமிழின் பழைய நோய்ப்பெயர்களை எண்ணிப் பார்த்தல் தகும். வெக்கை, கோமாரி, அடைப்பான், தொண்டை அடைப்பான், சப்பை நோய், துள்ளுமாரி, கோழிக் கழிச்சல் முதலிய பெயர்களுள் ஒன்றேனும் ஓர் ஊரையோ குலத்தையோ பழிக்கவில்லை. பெரும்பாலானவை விலங்கின் உடலில் கண்ட குறியையே சொல்கின்றன. எங்கே வீங்கும், எப்படி மூச்சு அடைக்கும், எப்படித் துள்ளி விழும் என்பதைப் பெயரே மேய்ப்பவனுக்குக் கற்பித்துவிடுகிறது. ஏடுகளில் எழுதிவைத்த மாட்டு வாகடங்கள் இச்சொற்களின் கருவூலம். புலவர் இலக்கியம் பசுவை அறத்துக்கும் அழகுக்கும் உவமையாக்கிய காலத்தில், அதன் வாயையும் குளம்பையும் வயிற்றையும் பார்த்து எழுதியவர்கள் வாகடக்காரர்.

வாகடங்களிலும் குறையுண்டு. வேறுவேறு நோய்களை ஒரே பெயரில் அடக்கியதும் உண்டு. மாரியின் சினம் என்று கைகட்டி நின்றதும் உண்டு. குறியைக் கண்டார்கள், காரணத்தைக் காணும் கருவி அவர்களிடம் இல்லை. அக்கருவியைத் தந்தது பிற்கால அறிவியல். வெக்கை நோய் 1880களின் இறுதியில் செங்கடற் கரைவழி ஆப்பிரிக்காவுட் புகுந்து, 1897க்குள் அதன் தென்முனை வரை சென்று, மாடே செல்வமான குடிகளைப் பட்டினியில் தள்ளியது. இந்தியாவில் அதனை ஒழிக்கும் தேசியத் திட்டம் 1954இல் தொடங்கியது. 2011இல் அந்நோய் உலகினின்றும் ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதன் முற்றும் ஒழித்த இரண்டாவது நோய் அது ஒன்றே.

அவ்வெற்றியின் கடைசிப் படியில் நிகழ்ந்தது தமிழாசிரியர் குறித்துக்கொள்ளத் தக்கது. ஆப்பிரிக்காவின் வறண்ட மேய்ச்சல் நிலங்களில் நோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அறிய, மருத்துவர் மேய்ப்பர்களிடமே சென்று அமர்ந்தனர். அவர்கள் மொழியில் நோய்க்கு வழங்கிய பெயர்களைக் கேட்டுக் குறித்தனர். அவர்களுக்கே தடுப்பூசி போடக் கற்பித்தனர். வெப்பத்தைத் தாங்கும் தடுப்பு மருந்தும் மேய்ப்பரின் சொல்லறிவும் சேர்ந்தே அங்கு வெக்கையை விரட்டின. கிந்தாவில் கூடாதது அங்கே கூடிற்று: கொட்டகையின் அறிவும் கூடத்தின் அறிவும் ஒன்றையொன்று கேட்டன.

வகுப்பறையில்

மாட்டுப் பொங்கலன்று பட்டியைச் சுற்றி வந்து, பால் பெருகவேண்டும், பிணி ஊரைவிட்டு அகலவேண்டும் என்று கூவும் வழக்கத்தைத் தோட்டத்துப் பிள்ளைகள் இன்றும் கேட்டிருக்கக்கூடும். மாடு அருகிவிட்ட லயங்களிலும் கூவல் மட்டும் நிற்கிறது. அக்கூவலில் இருப்பதும் மாதரியின் அச்சமே. ஊர் கூடிச் சொல்வதால் அது பழியாகாமல் வேண்டுதலாகிறது.

ஆகவே ஆய்ச்சியர் குரவையைக் கற்பிக்கும் ஆசிரியர், தீக்குறிகளை ஒரு வரியில் கடந்துவிடாமல் மாணவரிடம் மூன்று வினாக்களைக் கேட்கலாம். மாதரி எவற்றைக் கண்டாள்? அவற்றைக் காண அவளுக்குக் கற்பித்தது எது? கண்டபின் அவள் யாரைக் குற்றம் சொன்னாள்? முதல் வினா பாடலைக் கற்பிக்கும். இரண்டாவது வினா உழைப்பவரின் அறிவை மதிக்கக் கற்பிக்கும். மூன்றாவது வினாவுக்கு மாணவர் ‘ஒருவரையும் இல்லை’ என்று விடை எழுதும்போது, பண்ணையிலோ பள்ளியிலோ நோய் ஒன்று தோன்றும் அடுத்த நாளில் அவர்கள் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதியிருப்பர்.